எர்ட்மன் என்ற குடும்பப் பெயரும் என் அப்பாவும்

1

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கத்தாரில் என்னை யாருக்கும் தெரியாது. என் அப்பாவைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் பெரம்பலூரைத் தாண்டி திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போயிருக்கிறார், அதோடு சரி. ஆனால் ராஸ் லஃபான் எரிவாயு நகரத்தில் எங்கள் அலுவலக அறைக் கதவில் அவர் பெயர் பித்தளைப் பலகையில் இருக்கிறது. மாதாமாதம் சம்பளம் அவர் பெயருக்குத்தான் வருகிறது. சைட்டில் தலைக்கவசம் போடாமல் நடந்ததற்கு அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் உண்டு.

என் பெயர் ம. இராமலிங்கம். ம என்பது மண்ணாங்கட்டி.

ஆமாம், மண்ணாங்கட்டிதான். நீங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். எனக்குப் பழக்கம்.

ஊரில் இருந்தவரை இந்த ஒற்றை எழுத்து எனக்கு நல்ல போர்வையாக இருந்தது. கல்லூரியில் யாராவது கேட்டால் "மாணிக்கம்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். பாஸ்போர்ட் எடுக்கும்போது திருச்சி ஏஜெண்ட், பாரத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று, போர்வையை உருவி அப்பாவின் பெயரை முழுதாக எழுதிவிட்டார். எங்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு என்று சொன்னேன். "கட்டம் இருக்குல்ல தம்பி, என்னத்தையாவது போட்டுத்தான ஆவணும்" என்றார்.

வந்த முதல் வாரம் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் "மண்ணாங்கட்டி" என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அப்பாவை எதற்குத் தேடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். கூட்டம் முழுக்கக் கரைந்து நான் ஒருவன் மட்டும் நாற்காலியில் மிஞ்சியபோதுதான் தேடப்படுவது நான் என்று புரிந்தது. நம்மூர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் உண்டு. தங்கள் அப்பாவைக் கூப்பிடும்போது மரியாதைக்குப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மனைவி சுமதியையும் மகளையும் அழைத்துவர விசாவுக்குப் போனபோது கவுண்டரில் இருந்த இளைஞர் மூன்று பாஸ்போர்ட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். என்னுடையதில் என் அப்பா பெயர். சுமதியுடையதில் அவள் அப்பா பெயர். மகள் கயல்விழியுடையதில் என் பெயர்.

"ஃபேமிலி நேம் மாஃபி?" என்றார்.

"மாஃபி" என்றேன், அதாவது இல்லை.

"ஃபேமிலி?"

"ஃபேமிலி இருக்கிறது."

திருமணச் சான்றிதழில் இருந்த முத்திரைகளை எண்ணிப் பார்த்தார். ஐந்து இருந்தன. "யல்லா", போகலாம் என்று அனுப்பிவிட்டார்.

2

அரபிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பெயரின் அர்த்தம் தெரியாது. கஷ்டம் மலையாளிகளிடம்தான். அவர்களுக்கும் மண்ணாங்கட்டி மண்ணாங்கட்டிதான். ஸ்டோரில் இருக்கும் சாஜன் முதல் நாளே என் அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது ஒறிஜினல் பேராணோ?" என்று கேட்டார். ஒரிஜினல்தான் என்றேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. கொள்கலனுக்குப் பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டிருந்ததாக நேப்பாளிக் காவலாளி சொன்னார்.

என் வேலை டாக்குமெண்ட் கன்ட்ரோலர். வரைபடமும் கடிதமும் வரும், அதில் எது நடப்பில் உள்ள திருத்தம், எது செல்லாதது என்று பார்த்து, முத்திரை குத்தி, எண் போட்டு அடுக்க வேண்டும். காலை தோஹாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. என் அறையில் இன்னொருவர் உண்டு. ஹெர் எர்ட்மன். ஹெர் என்றால் திரு. ஆய்வுப் பொறியாளர், வட ஜெர்மனியில் கடலோரக் கிராமத்துக்காரர், இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். கதவில் அவர் பெயர் மேலே, என் அப்பா பெயர் கீழே.

எர்ட்மன் அதிகம் பேசமாட்டார். வெல்டிங்கில் குறை கண்டால் "இது நன்றாக இல்லை" என்பார். குறை இல்லையென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய அதிகபட்சப் பாராட்டு அதுதான். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, தன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. பதினோரு வருடங்களாக விடுமுறை முழுவதையும் தேவாலயப் பதிவேடுகளில் கழித்திருக்கிறார். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை, அவர் தனியாக ஸ்பெயினுக்குப் போய் வருகிறாராம்.

ஒருநாள் ஒரு பெட்டி நிறைய நகல்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"மிஸ்டர் மண்ணாங்கட்டி, இவற்றை ஒழுங்குபடுத்த முடியுமா? உங்கள் முறைப்படி. எண்ணோடு."

கம்பெனி வேலை இல்லை. ஆனால் மனிதர் முதல் தடவையாக ஒன்று கேட்டார், மறுக்க மனம் வரவில்லை. இறந்துபோன ஜெர்மானியர்கள் எல்லோருக்கும் வரிசை எண் போட்டேன்.

சாப்பாட்டு வேளைகளில் அவர் விளக்கம் சொல்வார். எர்ட் என்றால் மண். மன் என்றால் மனிதன். மண் மனிதன். கடவுள் ஆதாமை மண்ணால் செய்ததால், படித்த பாதிரிமார்கள் ஆதாம் என்ற பெயரை ஜெர்மனில் இப்படி ஆக்கினார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, வேறொரு பழைய பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் தடிமனான புத்தகங்கள் இருந்தன. எர்ட்மனுக்கு இரண்டிலும் திருப்தி இல்லை.

அவர் சொன்னதில் இன்னொன்றுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர்கள் பக்கத்தில் இருநூறு வருடங்களுக்கு முன்புவரை குடும்பப் பெயரே கிடையாதாம். அப்பாவின் பெயர்தான் மகனுக்கு இரண்டாவது பெயர். மகனின் பெயர் பேரனுக்கு. தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். பிறகு அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் கஷ்டமாக இருக்கிறது, ஆளுக்கொரு பெயரை எடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள், இனி மாற்றக் கூடாது என்று. இவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் அன்றைக்குக் கைவசம் இருந்த அப்பா பெயரையே கொடுத்துவிட்டு வந்தார். பாலில் உறை ஊற்றியது போல அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

"அப்படியானால் எர்ட்மன் என்பது ஒருவருடைய அப்பா" என்றேன்.

"சரி."

"எங்களைப் போலத்தான்."

"சரி. உங்களுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை" என்றார்.

3

உத்தரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, பிள்ளைக்குக் குடும்பப் பெயர் என்றால் அது அப்பாவின் குடும்பப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று எழுத்தர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். ஆகவே என் மகள் பள்ளியில் கயல்விழி மண்ணாங்கட்டி. ஐந்தாம் வகுப்புவரை இது ஒரு நீளமான பெயராக மட்டும் இருந்தது. ஆறாம் வகுப்பில் அங்கமாலிக்கார மலையாளிப் பெண் ஒருத்தி அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து வகுப்புக்கே சொல்லிவிட்டாள்.

கயல் எங்களிடம் இங்கிலீஷில் பேசுவாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. ஆனால் அன்றைக்கு வந்து தமிழில் கேட்டாள். விஷயம் பெரியது என்று அதிலேயே தெரிந்தது.

"அப்பா, நம்ம பேரு மாத்த முடியாதா?"

"தாத்தா பேரும்மா அது."

"தாத்தாக்கு ஓக்கே. எனக்கு ஏன்?"

அவள் வயதில் நானும் இதையேதான் நினைத்தேன், கேட்க மட்டும் தைரியமில்லை. அவள் மூன்று நாள் பள்ளி பஸ்ஸில் கடைசி இருக்கையில் தனியாக உட்கார்ந்து போனதாகச் சுமதி சொன்னாள். "மாத்திடுங்க. நீங்க பட்டது போதும், புள்ளையும் படணுமா?" என்றாள்.

என் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலமும் வந்திருந்தது. தூதரக வாசலில் பாரம் நிரப்பித் தரும் கீழக்கரை பாய் ஒருவர் வழி சொன்னார். "லேசான வேலதான் மச்சான். ஒங்க பேர ரெண்டா பிரிச்சிருவோம். பேரு ராமா, குடும்பப் பேரு லிங்கம். வாப்பா பேரு வேற கட்டத்துக்குப் போயிரும். நெறைய பேரு இப்படித்தான் பண்ணிருக்காக." என்னை நானே இரண்டாக வெட்டிக்கொண்டால் அப்பா வெளியே போய்விடுவார். கயலும் கயல்விழி லிங்கம் ஆகிவிடுவாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்க வேண்டும், சொந்த ஊர்ப் பதிப்பில் ஒன்று கட்டாயம். பாய் வாசகத்தை எழுதியே கொடுத்துவிட்டார். "மண்ணாங்கட்டி மகன் இராமலிங்கமாகிய நான் இனிமேல் லிங்கம் என்ற குடும்பப் பெயரால் மட்டுமே அறியப்படுவேன்."

சிக்கல் எங்கே என்றால், அப்பா ஓய்வு பெற்ற தலையாரி. முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலருக்குப் பின்னால் பிறப்பு இறப்புப் பதிவேட்டைச் சுமந்து நடந்தவர். தாலுகா அலுவலகத்தில் ஆறாம் வகுப்புத் தாண்டாதவன்கூட "ஏ மண்ணாங்கட்டி" என்று கூப்பிடுவான், "ஐயா" என்று போய் நிற்பார். இப்போது அவருக்கு இருக்கும் ஒரே வேலை, காலையில் டீக்கடையில் பேப்பரைத் தலைப்பிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை படிப்பது. ஏல அறிவிப்பு, பெயர் மாற்ற அறிவிப்பு எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். அந்த விளம்பரம் வந்தால் அதை முதலில் படிப்பவரும் அவர்தான், ஊருக்கு வாசிப்பவரும் அவர்தான்.

அதைவிட, கதவுப் பலகை விஷயம் ஒன்று இருந்தது. போன விடுமுறையில் வாய் தவறி, உங்கள் பெயர் கதவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். போட்டோ கேட்டார். அனுப்பினேன். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் கண்டவர்களிடமெல்லாம் காட்டுவதாக என் தங்கை போனில் சொன்னாள்.

இவ்வளவும் தெரிந்தேதான் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். மகளா, அப்பாவா என்று வந்தபோது, பஸ்ஸின் கடைசி இருக்கைதான் கண்ணுக்குத் தெரிந்தது. உறையில் போட்டு அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் அனுப்பலாம் என்று இருந்தேன். அப்படியே ஒரு வாரம் போயிற்று.

4

அந்த வாரம்தான் எர்ட்மனின் பெட்டியில் கடைசிக் கட்டு வந்தது. முதல் எர்ட்மன், அதாவது உத்தரவு நாளில் பெயர் கொடுத்தவருடைய அப்பா, ஞானஸ்நானம் பெற்ற பக்கம். அதற்கு முன்பு அந்தக் குடும்பத்தில் எர்ட்மன் என்று ஒருவரும் இல்லை. யோஹான், ஹின்ரிக் என்று நாலைந்து பெயர்களையே தாத்தாவிலிருந்து பேரனுக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊரில் இல்லாத பெயர்.

"ஏன்?" என்றார் எர்ட்மன். "பதினோரு வருடமாக எனக்குத் தெரியாதது இது ஒன்றுதான்."

எனக்கு ஜெர்மன் தெரியாது. அதனால் நான் எழுத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தேன். வரைபடத்தில் எல்லாத் திருத்தக் குறிப்பும் ஓரத்தில்தான் இருக்கும், தொழில் பழக்கம். அதே தாய் தகப்பனுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் சிறிய சிலுவை. நான்காவதில் சிலுவை இல்லை.

"சிலுவை என்றால்?" என்று கேட்டேன்.

"இறப்பு. குழந்தையிலேயே."

"சார், இது மண்ணாங்கட்டி" என்றேன்.

"அது உங்கள் பெயர்."

"என் பெயர்தான். இதுவும் அதுதான்."

விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பிறந்து பிறந்து தங்காமல் போனால், அடுத்ததை ஒன்றுக்கும் உதவாதது போல நடத்துவார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். குப்பை, பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பார்கள். எமன் வாசலுக்கு வந்து பெயரைக் கேட்டால், சீ, இது மண்தானே, ஏற்கெனவே மண்ணாக இருப்பதை எதற்கு எடுத்துப்போவது என்று போய்விடுவான்.

எர்ட்மன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நகலைக் கையில் எடுத்து மூன்று சிலுவைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்கு முன்பும் பார்த்திருப்பார். வேறு குடும்பத்துப் பிள்ளைகள் போலக் கடந்துபோயிருப்பார்.

"புத்தகங்களில் இது இல்லை" என்றார்.

"சரியான புத்தகம் கிடைத்திருக்காது."

ஊர்ப் பாதிரியாருக்கு எழுதிக் கேட்டார். நான் பத்திரத்தை இழுப்பறையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. பதில் போன வியாழக்கிழமை வந்தது. பிள்ளைகள் இறந்துகொண்டே இருந்தால் அடுத்ததற்கு ஆதாம் என்றோ எர்ட்மன் என்றோ பெயர் வைத்தால் பிழைக்கும் என்ற நம்பிக்கை ஜெர்மனியின் சில பகுதிகளில் இருந்ததாம். பெண் என்றால் அதற்கும் மண்ணை வைத்து ஒரு பெயர் உண்டாம்.

எர்ட்மன் கடிதத்தை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். "உங்கள் அப்பா ஒரு தொலைபேசி அழைப்பில் இதை எனக்குச் சொல்லியிருப்பார். பதினோரு விடுமுறை" என்றார். பிறகு, வெல்டிங்கைப் பார்க்கிற அதே முகத்தோடு கேட்டார்:

"உங்கள் அப்பாவுக்கு முன்னால் எத்தனை சிலுவை?"

ஊரார் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, என் வீட்டில் எத்தனை என்று நான் கேட்டதே இல்லை. அந்தப் பெயரை மறைக்கவே நாற்பத்தைந்து வருடம் போதவில்லை. ஜெர்மன்காரருடைய பிணங்களுக்கெல்லாம் வரிசை எண் போட்டவன் நான். வெட்கமாக இருந்தது. அன்று மாலை உறையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போன் பேசுவது வழக்கம். கயலும் பேச வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போடுவோம். அவள் மனப்பாடமாக "எப்படி இருக்கீங்க தாத்தா, சாப்பிட்டீங்களா" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவாள். நேற்றும் அப்படித்தான்.

"அப்பா, உங்களுக்கு முன்னாடி எத்தன பேரு பொறந்தாங்க?"



"ஏன், பாரம் எதுலயும் கேக்குறானா?" என்றார்.

தலையாரி வேறு எப்படிக் கேட்பார். "ஆமாம்" என்றேன்.

"மூணு. மூணும் தங்கல. எழுதிக்க. பேரெல்லாம் கேப்பான்."

கைக்குக் கிடைத்த தாளைப் பிரித்துக்கொண்டேன்.

"கடைசி, எனக்கு நேர் மூத்தவரு, சின்னச்சாமி. எட்டு மாசம். நடுவுலது பொண்ணு, அஞ்சலை. அது நடந்துச்சாம். ரெண்டு வயசுல போயிருச்சி. பெரியவரு ராமலிங்கம்."

"என் பேருப்பா அது."

"உம் பேரு இல்ல. அவரு பேரு. எனக்கு வக்கப் பயந்துகிட்டு வக்காம வுட்ட பேரு. நீ பொறந்தப்ப நான் வச்சேன்."

கயல் பென்சிலைக் கீழே வைத்தாள். சுமதி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"பயமா இல்லியா ஒங்களுக்கு?"

"இல்லாம? உங்கம்மா அழுதா, அந்தப் பேரு வேணாம்னு. நாந்தான் சொன்னேன், அவருக்கு முன்னாடி யாரும் நிக்கல, தனியா போயிட்டாரு. இவனுக்கு முன்னாடி எம் பேரு நிக்கிதுல்ல. எவன் வந்தாலும் மொதல்ல மண்ணாங்கட்டிய தாண்டித்தான உள்ளாற வரணும்னேன்."

அந்த எழுத்தை நான் போர்வை என்று நினைத்திருந்தேன். அவர் அதை வாசலில் ஆளாக நிறுத்தியிருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல என் பேருக்குப் பின்னாடிதான இருக்காங்க தாத்தா?" என்று கயல் என்னிடம் மெல்லக் கேட்டாள். எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை. ஆனால் தமிழில் கேட்டாள்.

ஸ்பீக்கரில் அவருக்குக் கேட்டுவிட்டது. "பின்னாடி வந்தா என்னா ஆயி, முப்பது வருசம் நான் பின்னாடியே நடந்துதான காவல் காத்தேன்" என்றார். பிறகு என்னிடம், உத்தியோகக் குரலில்: "மூணு பேரும் எழுதிட்டியாப்பா? வுட்டுப்போவாம எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்ப்பா."

எழுதித்தான் இருந்தேன். கையில் இருந்தது அந்தப் பிரமாணப் பத்திரம். அதன் பின்பக்கத்தில் சின்னச்சாமி, அஞ்சலை, இராமலிங்கம் என்று மூன்று வரி. ஓரத்தில், எப்போது போட்டேன் என்று தெரியாமல், மூன்று சிறிய சிலுவைகள். பின்பக்கம் கிறுக்கிய தாளைத் தூதரகத்தில் வாங்கமாட்டார்கள். புதிதாக ஒன்று வேண்டுமானால் நாளைக்கே பாயிடம் போய் எழுதிக்கொள்ளலாம்.

நாளைக்குக் கயலின் பள்ளி அடையாள அட்டைக்குப் புது உறை வாங்கப் போகிறோம். பழையது கிழிந்துவிட்டது, பெயர் சரியாகத் தெரியவில்லை என்கிறாள்.